மூலையில் நின்ற கதிர்

வேதப்புத்தகம் வைத்திருந்த உபதேசியார்கள் சிலரை நான் பார்த்திருக்கிறேன். வாசிப்பார்கள், பாடுவார்கள், கண்ணீர் விட்டு ஜெபம் பண்ணுவார்கள். எங்கள் ஊருக்கு மிஷன் அனுப்பிவைத்த இந்த ஒருவர் மட்டும் அதை விவசாய இலாகாக்காரர்கள் கொடுக்கும் நோட்டீஸ் மாதிரி படித்தார். இத்தனையாம் நாள் இன்ன உரம் போடு என்று அதில் இருந்தால் நாம் போட்டுப் பார்ப்போம் இல்லையா, அப்படி. "எழுதியிருக்கு தம்பி. செஞ்சி பாப்பமே" என்பார். ஏழு வருஷம் பக்கத்து நிலத்துக்காரனாக இருந்து அந்தப் பேச்சைக் கேட்டேன். கேட்டுக் கேட்டுச் சலித்தும் போயிருக்கிறேன்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. திருக்கோவிலூர் பக்கம் எந்தச் சேரியில் பிறந்தவர் என்பதை மட்டும் ஊர் முதல் வாரத்திலேயே விசாரித்துத் தெரிந்துகொண்டது. அதற்குமேல் பெயர் தேவைப்படவில்லை.

பாகூர் ஏரிப் பாசனத்தில் மிஷனுக்கு எட்டுக் காணி நிலம் இருந்தது. யாரோ ஒரு விசுவாசி சாகும்போது எழுதிவைத்தது. அதில் விளைவது வேறு ஊரில் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் போகும். நிலத்தைப் பார்த்துக்கொள்வதும், காலனி ஓரத்தில் ஓலை வேய்ந்த ஜெபவீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்துவதும் இவர் வேலை. ஜெபவீட்டை ஒட்டின ஒரே அறையில் தனியாகப் பொங்கித் தின்று இருந்தார். ஒல்லியான ஆள். சட்டையின் மேல் பித்தானுக்குப் பதில் ஊக்கு குத்தியிருப்பார். வரப்பில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். பக்கத்து நிலம் எங்களுடையது. அவருடைய தென்மேற்கு மூலையும் எங்களுடைய வடகிழக்கு மூலையும் ஒரே வரப்பில் இடித்துக்கொள்ளும்.

என் அப்பா அவரை "வாய்யா உபதேசி" என்று கூப்பிட்டு வாசலுக்கு வெளியே நிறுத்திப் பேசி அனுப்புவார். காலனி ஆட்கள் அப்பாவை ஆண்டை என்பார்கள், என்னைச் சின்னாண்டை என்பார்கள். இவர் அப்பாவை "ஐயா" என்றார். என்னைத் "தம்பி" என்றார். முதல் தடவை கேட்டபோது அப்பாவின் முகம் போன போக்கு எனக்கு ஞாபகம் இருக்கிறது. "இன்னாடா, உன்ன பங்காளி முறை வெச்சி கூப்புடறான்" என்றார். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. ஒருவிதத்தில் பிடித்திருந்தது. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்பதாலேயே பிடித்திருந்ததோ என்னவோ.

கூலிக்கு வரும் பெண்களையும் அவர் "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்றுதான் பேசுவார். காலனியில் அஞ்சலை என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் செத்து, ஒற்றைப் பெண்ணை வைத்துக்கொண்டு, எங்கள் நிலத்திலும் மிஷன் நிலத்திலும் நடவுக்கும் களைக்கும் வருபவள். முதல் நாள் அவர் "வாங்க" என்றதும் அஞ்சலை தனக்குப் பின்னால் வேறு யாரோ பெரிய மனுஷி வருகிறாள் என்று திரும்பிப் பார்த்தாளாம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாசம் நடவுப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கு இன்றைக்கும் அஞ்சலையை அவள் என்றுதான் எழுத வருகிறது. அவரிடம் ஏழு வருஷம் பழகி அந்த ஒன்றைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

கிணற்று விவகாரத்தைச் சொன்னால் ஆளைப் புரிந்துகொள்ளலாம். எங்கள் பக்கத்துப் பாசனக் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. வழியோரமாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். ஆடு விழும், கன்றுக்குட்டி விழும், கள் குடித்துவிட்டு வந்த ஆளும் விழுந்ததுண்டு. குழி வெட்டி மூடாமல் விட்டவன், அதில் விழுந்த மாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வேதத்தில் ஓர் இடத்தில் இருக்கிறதாம். அதை அவர் பழைய யூதர்கள் கதையாக விட்டுவிடவில்லை. எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்தான கொம்யூன் ஆபீசுக்கு மனு எழுதிக்கொண்டு போனார். வழியோரக் கிணறுகளுக்கெல்லாம் இடுப்பளவு சுவர் வைக்க உத்தரவு போட வேண்டும் என்று மனு. அது பட்டா நிலம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த மாசமும் போனார். அதற்கடுத்த மாசமும் போனார். அங்கே இருந்த கிளார்க் இவர் மனுக்களுக்கென்றே தனியாக ஒரு கட்டுப் போட்டு வைத்திருந்தார்.

ஒரு தடவை நானும் வேறு காரியமாகப் போய் உட்கார்ந்திருந்தேன். கொம்யூன் தலைவரான மேயர் எங்களுக்குத் தூரத்து உறவு, வேடிக்கையாகப் பேசக்கூடியவர். உன் வேதத்தில் கிணற்றுச் சுவருக்கு எஸ்டிமேட் போட்டிருக்கிறதா உபதேசி என்று கேட்டார். ஆபீசே சிரித்தது. உபதேசியாரும் சிரித்தார். சிரித்து முடித்து, மனுவை மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

அந்த வருஷக் கோடையில் மிஷன் கிணற்றுக்குத் தானே மண்ணும் கல்லும் சுமந்து சுவர் எழுப்பினார். பிறகு ஒவ்வொரு நிலத்துக்காரர் வீட்டுக்கும் நடந்தார். அவர் வருவதைப் பார்த்தாலே ஆட்கள் பின்கட்டுக்குப் போய்விடுவார்கள். தொல்லை பொறுக்காமல் அப்பா எங்கள் கிணற்றைச் சுற்றிக் கருவேல முள்ளை வெட்டிப் போடச் சொன்னார். அன்று சாயங்காலமே உபதேசியார் வந்து நின்றார். "முள்ளு போட்டதுக்கு ரொம்ப நன்றிங்க ஐயா. செவுரு வர்ற கோடைல வெச்சிக்கலாம்" என்றார். அப்பாவுக்குத் திட்டுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடியும் என்று நினைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மிஷன் நிலத்தில் ஏர் கட்டக்கூடாது என்று வந்த புதிதில் ஒரு சட்டம் போட்டார். மாட்டுக்கும் ஓய்வு, ஆளுக்கும் ஓய்வு. கூலியாட்கள் கூடிக்கொண்டு வந்துவிட்டார்கள். மாடு வைக்கோல் தின்னும், நாங்க இன்னாத்த தின்றது என்று கேட்டார்கள். இரண்டு நாள் அவர் வரப்பில் நடந்துகொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை கூலி நெல் அளக்கும்போது ஆளுக்கு ஒரு படி கூடப் போட்டார். இது எங்கே எழுதியிருக்கிறது என்று நான் சீண்டினேன். எழுதியிருக்கவில்லை, ஆனால் எழுதியிருக்கிறதுக்கு உள்ளே இருக்கும் போல என்றார்.

மிஷன் செயலாளர் வருஷத்துக்கு ஒரு தடவை, அறுப்பு சமயத்தில், காரில் வருவார். பளபளவென்று ஷூ போட்டிருப்பார். நோட்டைப் பிரித்துக்கொண்டு இந்த வருஷம் எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று கேட்பார். நான் அன்று மடையில் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்ததால் கேட்டது. "யாரும் இல்லீங்க ஐயா" என்றார் இவர். போன வருஷமும் அதையேதான் சொன்னாய், இங்கே ஊழியம் எங்கேதான் நடக்கிறது என்று செயலாளர் குரலை உயர்த்தினார். உபதேசியார் அவரை மெள்ள அழைத்துக்கொண்டு போய்க் கிணற்றுச் சுவரைக் காட்டினார். செயலாளர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார், ஷூவில் ஒட்டின சேற்றைப் பார்த்தார், நோட்டை மூடிக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

இனி மூலைக் கதிருக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், இத்தனை நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

நிலத்தை அறுக்கும்போது ஓரம்வரை ஒட்ட அறுக்காதே, மூலைகளை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று வேதத்தில் இருக்கிறதாம். வந்த முதல் வருஷத் தை அறுப்பிலேயே அதைச் செய்தார். ஒவ்வொரு மூலையிலும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குக் கதிரை அறுக்காமல் நிறுத்தினார். காலனியில் போய்ச் சொல்லிவிட்டும் வந்தார். ஒரு ஆளும் வரவில்லை. நாலு மூலையிலும் கதிர் முற்றி, சாய்ந்து, குருவி கொத்தி, எலி இழுத்து, மிச்சம் மண்ணில் கொட்டியது. அப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டு, எலிக்கு மிஷன் ஆரம்பித்திருக்கிறான் என்றார்.

வராமல் போனதற்குக் காரணம் அவருக்குப் புரியவில்லை. எங்களுக்கெல்லாம் தெரியும், யாரும் சொல்லவில்லை. கடைசியில் அஞ்சலைதான் சொன்னாள். "கொட்டனத பொறுக்கலாம் சாமி. நிக்கறத தொட்டா அது திருட்டு. கையில அருவாளோட நிக்கற கதிருகிட்ட எங்கள பாத்தாலே கட்டி வெச்சி அடிப்பாங்க. நீ வுட்டது உனக்கு தெரியும், வர்றவன் போறவனுக்கு தெரியுமா?"

கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். என்னிடம் வந்து, இதை எழுதினவருக்கு நம்ம ஊரைத் தெரியாது போல தம்பி என்றார். ஆனால் விடவில்லை. அடுத்த வருஷம் அறுப்பு முடிந்த மறுநாள் காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு தானே மூலையில் போய் நின்றார். முதல் பிடியைத் தானே அறுத்துப் போட்டார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி, மற்றவர்கள் அறுத்து முடிக்கும்வரை வெயிலில் நின்றார். அவர் அப்படி நின்றதால்தான் வந்தார்கள். அஞ்சலை வந்தாள், கால் விளங்காத ஒரு கிழவர் வந்தார், வேறு யாருக்கும் கூலிக்குப் போக முடியாத இரண்டு மூன்று பேர் வந்தார்கள். அதிலிருந்து வருஷா வருஷம் அவர் மூலை மூலையாக நிற்பது எங்கள் அறுப்பின் ஒரு பகுதியாகிவிட்டது. சிரித்தவர்கள் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.

ஆறாவது அறுப்பில் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அப்பா உறவில் ஒரு கருமாதிக்காகப் போயிருந்தார். அறுப்பை நான் பார்த்துக்கொண்டேன். எங்கள் வடகிழக்கு மூலைக்கு ஆட்கள் வந்தபோது, நிறுத்தச் சொன்னேன். கதிர் பச்சையாக இருக்கிறது, இரண்டு நாள் போகட்டும் என்றேன். பச்சையும் இல்லை ஒன்றும் இல்லை, நன்றாக முற்றின கதிர். அறுக்கிற ஆட்களிடம்கூட உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏழைக்கு விடுகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்களே, அப்பா காதுக்குப் போகுமே என்று பயம். வேறு எந்த மூலையாக இருந்தாலும் பரவாயில்லை. அது சனிமூலை, சாமிக்கென்று வைத்திருக்கிற வடகிழக்கு. நாற்றின் முதல் முடியை நடுவது அங்கே, கற்பூரம் கொளுத்துவது அங்கே. அவர் நிலத்தை ஒட்டி இருந்தது அது ஒன்றுதான் என்பதால் அதை விட்டேன்.

ஏன் செய்தேன் என்று இன்றும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. புண்ணியம் தேடி இல்லை. அவரிடம் ஒரு நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசைதான் என்று நினைக்கிறேன். நேரே வரப்பைத் தாண்டிப் போய் அவரிடம் சொன்னேன், நாங்களும் ஒரு மூலை விட்டிருக்கிறோம் என்று. அவர் என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அதுவரை அவர் என்னைத் தொட்டதில்லை. பெரியவர் சம்மதித்தாரா என்று கேட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். காலையில் உங்களை மாதிரி நானும் மூலையில் வந்து நிற்கிறேன் என்றும் சொன்னேன். அவர் கேட்காமலே என் வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

பொழுது சாயும்போது அப்பா திரும்பி வந்துவிட்டார். அறுப்பு முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன். அதற்குமேல் பேச்சு எழவில்லை. காலையில் களத்தில் வேலை இருக்கிற மாதிரி நான் களத்துக்குப் போனேன். அப்பா நிலத்தைப் பார்க்கப் போனார்.

அங்கே சனிமூலையில் அஞ்சலை அறுத்துக்கொண்டிருந்தாள். உபதேசியார் தன் நிலத்தின் எதிர்க்கோடி மூலையில் கால் விளங்காத கிழவருக்காகக் குடையோடு நின்றிருந்தார். இந்த மூலைக்கு நான் வந்துவிடுவேன் என்று நம்பிக்கொண்டு.

அப்பா போட்ட சத்தத்தில் களத்தில் இருந்த நாங்கள் ஓடினோம். அஞ்சலையின் அரிவாளைப் பிடுங்கி எறிந்துவிட்டார், அறுத்த கதிரைக் காலால் எத்தினார். சனிமூலையில் கை வைத்துவிட்டாளே என்று கத்தினார். ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு அனுப்பினார். புளியமரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது.

உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்ற ஒரே கேள்விதான். கேட்டவர்கள் ஒருமையில் கேட்டார்கள், அது வேறு. அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டு, உபதேசியார் சொன்னார் என்றாள். அவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து கூட்டத்துக்கு வெளியே, நிற்க வேண்டிய இடத்தில் நின்றார். ஆமாம், நான்தான் போய் அறுத்துக்கொள்ளச் சொன்னேன் என்றார்.

"எங்க நிலத்துல அறுக்கச் சொல்ல நீ யாருய்யா?" என்றார் அப்பா.

அவர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவுக்கு இரண்டு அடி பின்னால் நின்றிருந்தேன். கோபமாகப் பார்க்கவில்லை, கெஞ்சியும் பார்க்கவில்லை. ஒரு ஆள் பேசப்போகிறான் என்றால் இடம் விட்டுக் காத்திருப்போமே, அப்படிக் காத்திருந்தார். நான் விட்ட கதிர் அது என்று நாலு வார்த்தை. கூட்டத்தில் யாருக்கும் அது தெரியாது, அறுத்த ஆட்களுக்கும் தெரியாது. எனக்கும் அவருக்கும்தான் தெரியும். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். ஒரு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அவர் குரல் கேட்டது. "நாந்தாங்க சொன்னேன். அந்தம்மா மேல தப்பு இல்லீங்க. தப்பு என்னுது."

அவர் பொய் சொல்ல மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். அதனால் நம்பிவிட்டார்கள். சொன்னது முழுக்க உண்மைதான், நான்தான் அதில் இல்லை. அஞ்சலை விழுந்து கும்பிட வேண்டும், வருகிற நடவுக்கும் களைக்கும் ஊரில் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது என்று தீர்த்தார்கள். உபதேசி எல்லார் காலிலும் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். அவர் செருப்பை ஓரமாக வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தார். மண்ணைத் தட்டிக்கொள்ளாமல் அஞ்சலை பக்கம் திரும்பினார். "உங்க கிட்டயும் மன்னிப்பு கேக்கறேம்மா" என்று கையைக் கூப்பினார். முதலில் விழுந்ததைவிட இதுதான் பெரியவர்களுக்குத் தாங்கவில்லை. கூச்சல் அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று.

சொல்லிக்கொடுத்தது உபதேசி, திருடினது அஞ்சலை என்று பேச்சு பரவியது. பண்டசோழநல்லூரில் அவள் பெண்ணுக்கு ஒரு இடம் பேசிமுடித்து, மாசிக்கு நாள் பார்த்திருந்தார்கள். கதிர் திருடி வீட்டில் பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் மூன்று வருஷம் கழித்து, இரண்டு பிள்ளைகள் இருந்த ஒருவனுக்கு இரண்டாந்தாரமாகப் போனது.

நான் உபதேசியாரைப் பார்க்கப் போனபோது ஒரு வாரம் ஆகியிருந்தது. அறையில் படுத்திருந்தார். காய்ச்சல் இல்லை, சும்மாதான் படுத்திருந்தார். அவரை அப்படிப் பகலில் படுத்துப் பார்த்ததே இல்லை. எழுந்து உட்கார்ந்து பாயைத் தள்ளிப் போட்டார். நீங்கள் ஏன் என்னைச் சொல்லவில்லை என்று கேட்டேன். என்னைக் காட்டிக்கொடுக்காததற்கு நன்றி சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது இந்தக் கேள்வி.

"அது உங்க சாட்சி தம்பி. நீங்க சொன்னாதான் சாட்சி. நான் சொன்னா கோளுன்னு நெனச்சேன்." பாயின் ஓரத்தில் பிரிந்த கோரையைத் திருகினார். "தப்பா நெனச்சிட்டேன். உங்கள காப்பாத்தணும்னு வாய மூடிக்கினேன், அந்தம்மா தலையில வுட்டுட்டேன். எழுதியிருக்கறது எல்லாம் எனக்கு தெரியும். எத எங்க வெக்கணும்னு தெரியல."

சலித்துப்போய்ப் பேசினார். எனக்கு அது கஷ்டமாக இருந்தது. சலித்துக்கொள்வது எங்கள் வேலை, அவர் வேலை இல்லை என்று இத்தனை வருஷமாக நினைத்துவிட்டிருந்தேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"நான் எப்பவோ மன்னிச்சாச்சு. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அந்தம்மா வூட்டுக்கு போயி சொல்லுங்க. நாளைக்கே போங்க."

சரி என்றேன். நாளைக்கு நாளைக்கு என்று இருந்தேன். ஊரில் கலகம் உண்டாக்கினார் என்று செயலாளருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஆறேழு மாசத்தில் இவரைத் திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் குடையும்தான். பஸ் ஏறும் இடத்துக்கு அஞ்சலையும் அந்தக் கிழவரும் இன்னும் கொஞ்சம் பேரும் போனதாகக் கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

மிஷன் நிலத்தை அப்பா குத்தகைக்கு எடுத்தார். அந்தத் தையில் எட்டுக் காணியையும் நான்தான் நின்று அறுத்தேன். ஓரம்வரை ஒட்ட அறுக்கும்படி அப்பா சொன்னார். அறுத்தோம்.

அஞ்சலையை ஒரு வருஷத்துக்குப் பிறகு நடவுக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஆள் கிடைக்காத காலம் அது. வருஷா வருஷம் எங்கள் சேற்றில் குனிந்து நட்டாள். நான் வரப்பில் நிற்பேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். கூட நாலு பேர் இருக்கிறார்களே என்று விட்டுவிடுவேன். தனியாக இருந்தால், தனியாகப் போய்ப் பேசினால் என்ன நினைப்பார்கள் என்று விட்டுவிடுவேன். இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் போனது. அப்பா இருக்கும்வரை முடியாது என்று எனக்கு நானே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவும் போனார். அந்த வருஷக் காரியங்கள் முடிந்தபின், ஒரு நாள் மத்தியானம் காலனிக்கு நடந்தேன்.

அஞ்சலை வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கண் சரியாகத் தெரியவில்லை போலிருந்தது. குரலை வைத்துத் தெரிந்துகொண்டு எழப்போனாள். உட்காரச் சொல்லிவிட்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் விட்டேன், காலையில் வந்து நிற்கிறேன் என்று சொல்லியிருந்தேன், அவர் என்னைப் பார்த்தார், நான் பேசவில்லை. எங்கேயும் நிறுத்தாமல் சொன்னேன். சொன்னால் மனசு லேசாகும் என்பார்களே, அதற்காகப் பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தவன் மாதிரி சொன்னேன்.

அஞ்சலையின் கை நிற்கவில்லை. கடலையை உரித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். முடித்தேன். தோலை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பேசினாள்.

"நான் திருடலன்னு எனக்கு தெரியுமே ஆண்ட. அத எங்கிட்ட வந்து எதுக்கு சொல்ற? அன்னிக்கி அந்த மரத்தடியில இருந்தவங்ககிட்ட சொல்லு. எம் பொண்ண வாணான்னு சொன்னாங்களே பண்டசோழநல்லூருல, அவங்ககிட்ட போயி சொல்லு."

குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை. தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மரத்தடியில் இருந்த பெரியவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள். சிலர் இருக்கிறார்கள், காலையில் டீக்கடையில் பார்க்கிறேன், மழையைப் பற்றியும் உர விலையைப் பற்றியும் பேசிக்கொள்கிறோம். பண்டசோழநல்லூர் ஒன்றும் தூரமில்லை, சைக்கிளிலேயே போய் வரலாம். அஞ்சலை இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள். உபதேசியாரை ஊருக்கே தெரியும்படி எழுதிவைக்கிறேன் என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். எழுதி முடிக்கும்போது தெரிகிறது, இதுவும் அவர்கள் யாரும் படிக்காத இடத்தில் சொல்வதுதான். நான் இன்னும் அவர்களிடம் போகவில்லை.